வ.உ.சி. நகரின் படம் எங்கே?

கடந்த மார்கழியில் ஒருநாள் மாலை, ரமணாசிரமம் பகுதியில் ஒரு மண்டபத்தில் படம் காட்டினார்கள். பனிமலை உருகிப் பாளம் பாளமாக உடைந்து கடலில் விழும் காட்சி. பூமி சூடேறுகிறது, மனித குலமே விழித்துக்கொள் என்பது படத்தின் செய்தி. நல்ல செய்திதான், மறுப்பதற்கில்லை. படம் ஆங்கிலத்தில் ஓடிற்று. பார்த்தவர்களில் பாதிக்கு மேல், குளிர்காலத்துக்கு இங்கே வந்து தங்கும் வெளிநாட்டார். மீதிப் பேர் படித்த உள்ளூரார். வாசலில் ஆட்டோ ஓட்டும் தோழர்கள் நாலைந்து பேர், படம் விட்டால் சவாரி கிடைக்குமென்று காத்திருந்தார்கள். "உள்ளே என்ன படம்?" என்று கேட்டோம். "ஏதோ ஐஸ் கட்டிப் படங்க" என்றார் ஒருவர்.

அந்தத் தோழர் ஐஸ் கட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று நாம் சொல்லமாட்டோம். கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: அந்தப் படம் யாருடைய தலைவிதியைப் பற்றிப் பேசிற்றோ, அவரையே வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது! அவர் குடியிருப்பது மலையடிவாரத்தில். பூமி சூடேறினால் என்ன ஆகும் என்பதை அவருக்கு வடதுருவத்திலிருந்து யாரும் எடுத்து வந்து காட்டவேண்டியதில்லை. அவர் தெருவுக்கே அது வந்து போயிருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்று கொட்டிற்று. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். பிறகு வலுவிழந்து மேற்கே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். புயல் என்றால் கடற்கரைக்காரன் கவலை என்று எண்ணியிருந்த உள்நாட்டு மாவட்டங்கள் அன்று மூழ்கின. நடுவில் இருப்பது திருவண்ணாமலை. டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊறிப்போன மலைச்சரிவிலிருந்து பாறையும் சேறும் பெயர்ந்து வ.உ.சி. நகர் வீடுகள்மீது விழுந்தன. ஏழு பேர் மண்ணுக்குள் போயினர். ஏழு பேரில் ஐவர் குழந்தைகள். கனரக இயந்திரம் நுழைய வழியில்லாத சந்து. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் தோண்டி, கடைசி உடலை எடுக்க டிசம்பர் 3 ஆயிற்று. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் வெள்ளத்தில் நின்றன. டிசம்பர் 13 அன்று கார்த்திகை தீபம். மலை உறுதியாக இல்லை என்பதால் அவ்வாண்டு பொதுமக்களை மலையேற விடவில்லை. மலையுச்சியில் தீபம் எரிந்தது. அடிவாரத்தில் சேறு காயவில்லை.

இத்தனையும் நடந்திருக்கிறது. இதற்குப் படம் எங்கே?

"ஏன், டெலிவிஷனில் காட்டினார்களே, நாள் முழுவதும் காட்டினார்களே" என்பார் சிலர். காட்டினார்கள், இல்லை என்று யார் சொன்னது? மூன்று நாள் காட்டினார்கள். மந்திரிகள் வந்தபோது காட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து நிபுணர்கள் வந்து பார்த்தபோது காட்டினார்கள். நான்காம் நாள் வேறு செய்தி வந்தது, கேமராக்கள் வண்டியேறிவிட்டன. பாறை விழுந்தது என்று சொல்வது செய்தி. அந்தப் பாறை ஏன் விழுந்தது, அதற்குக் கீழே ஏன் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் ஏன் அந்தக் குடும்பம் இருந்தது என்று பொறுமையாக உட்கார்ந்து கேட்பது ஆவணப்படம். செய்தியில் அழுகை கேட்கும். அழுகைக்குக் காரணம் எது என்று தேடிக் கண்டுபிடிக்கச் செய்திக்கு நேரமில்லை.

ஆவணப்படம் என்றதும் நம் தோழர்களில் வயதானவர்கள் முகம் சுளிப்பார்கள். காரணம் நமக்குத் தெரியும். 1948இல் மத்திய சர்க்கார் பிலிம்ஸ் டிவிஷன் என்றொரு இலாகாவைத் தோற்றுவித்தது. எந்தக் கொட்டகையானாலும் படத்துக்கு முன்னால் அவர்கள் தரும் நியூஸ் ரீலையோ விவரணப் படத்தையோ ஓட்டித் தீரவேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனை; அதற்கு வாடகையும் கொட்டகைக்காரர் தலையில். அணை திறப்பார்கள், ரிப்பன் வெட்டுவார்கள், பின்னால் ஒரு குரல் புள்ளிவிவரம் ஒப்பிக்கும். நம்மவர்கள் அந்த நேரம் பார்த்து வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு, பெயர்கள் ஓடும்போது உள்ளே வருவார்கள். அந்த இலாகாவில் திறமைசாலிகள் இருந்தார்கள், அருமையான படங்களும் எடுத்தார்கள், அதையும் சொல்லவேண்டும். ஆனால் மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குப் புத்தி சொல்லும் தொனி மக்களை வாசலுக்குத் துரத்திற்று. அந்த பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. தொனி மட்டும் சாகவில்லை. இன்றைய பருவநிலைப் படங்கள் பலவற்றில் அதே குரல் கேட்கிறது: விளக்கை அணை, பையை எடுத்துப் போ, மரம் நடு என்று. பல் விளக்கும்போது குழாயை மூடச் சொல்கிறார்கள், தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருப்பவளைப் பார்த்து!

படத்தின் வலிமையை நமக்கு யாரும் கற்பிக்கவேண்டாம். 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி', தொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்த 1960இன் 'பாதை தெரியுது பார்' என்று, ஆயிரம் கூட்டம் போட்டுச் சொல்லவேண்டியதை வெள்ளைத் துணி ஒரே இரவில் சொன்னதைக் கண்ட நாடு இது. அந்தத் துணி இன்று எதற்குப் பயன்படவேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் விஞ்ஞானம். இதில் தவறு செய்யக்கூடாது. தவறு செய்தால் எதிரி கையில் தடியைக் கொடுத்ததாகும். அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாயிருந்த ஆல் கோர், பூமி சூடேறுவதைப் பற்றி ஊர் ஊராகச் சென்று படவிளக்கு வைத்துப் பேசிவந்தார். அந்தப் பேச்சையே 2006இல் 'அன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' என்று படமாக்கினார்கள். 2007இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. உலகமெங்கும் ஓடி, கோடிக்கணக்கானவர்களை யோசிக்க வைத்தது. பிரிட்டிஷ் சர்க்கார் அதை இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்ப முடிவு செய்தபோது ஒருவர் வழக்குப் போட்டார். படத்தின் அடிப்படைக் கருத்து சரியே என்று ஒப்புக்கொண்ட லண்டன் உயர்நீதிமன்ற நீதிபதி, ஒன்பது இடங்களில் விஞ்ஞானிகளின் பொதுக்கருத்தைப் படம் மீறுகிறது என்று சுட்டிக்காட்டி, ஆசிரியர்களுக்கு விளக்கக் குறிப்போடு காட்டலாம் என்று 2007 அக்டோபரில் தீர்ப்பளித்தார். ஒன்பது இடங்கள்! மீதிப் படம் முழுவதையும் மறந்துவிட்டு அந்த ஒன்பதையே பிடித்துக்கொண்டு நிலக்கரி முதலாளிகளின் நண்பர்கள் எத்தனை ஆண்டு ஆடினார்கள் என்பது தெரிந்த கதை.

ஆகவே வ.உ.சி. நகரைப் படமெடுப்பவர், 'பூமி சூடேறியதால் பாறை விழுந்தது' என்று ஒரே வரியில் சொன்னால் அது பொய்யாகிவிடும். உள்ளது இதுதான். நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரித்த புகையால் காற்றும் கடலும் சூடேறியிருக்கின்றன. இயந்திர யுகத்துக்கு முந்திய நிலையைவிட 2024இன் சராசரி வெப்பம் ஏறக்குறைய 1.5 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்துள்ளது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவிகிதம் கூடுகிறது. சுமந்ததை ஓரிடத்தில் இறக்கும்போது மழை மழையாக இருப்பதில்லை, அருவியாகிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட புயலை இதுதான் பெற்றெடுத்தது என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் இத்தகைய கொட்டுமழைக்கு வாய்ப்பு ஏறிவிட்டது என்று நிச்சயமாகச் சொல்லலாம். இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் மலையிலேயே இருக்கிறது. அண்ணாமலை மிகப் பழமையான பாறை. அதன்மேல் உதிர்ந்த மண்ணும் உருண்டைக் கற்களும் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வையைப் பிடித்து வைப்பது மரத்தின் வேர். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தீக்கும் இரையாகி மலை மொட்டையாகிவிட்டது என்று, ரமணாசிரமத்தில் தங்கியிருந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி 1987இல் தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். அதன் விளைவாக 1988இல் இங்கே மரம் வளர்க்க ஒரு சங்கம் தோன்றிற்று. பிறகு வேறு சிலரும் சேர்ந்து, நாட்டு மரக் கன்றுகளை நட்டு, கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டி, மலையின் ஒரு பகுதியைப் பசுமையாக்கியிருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய வேலை. மலைமேல் கன்றையும் தண்ணீரையும் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் நம்மூர்க் கூலிக்காரர்கள் என்பதை ஒரு காட்சியிலாவது காட்டுவார்கள் என்று நம்புகிறோம்.

மூன்றாவது காரணத்தைத்தான் எந்தப் படமும் தொடுவதில்லை. அந்தக் குடும்பம் ஏன் அங்கே இருந்தது? கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் மக்கள். செங்கம் சாலையில், ஆசிரமத்தைச் சுற்றி, விடுதியும் உணவுக்கூடமும் மனைப்பிரிவும் பெருகி, ஒரு காலத்தில் கம்பு விளைந்த நிலம் சதுர அடிக்கு விலை பேசப்படுகிறது. அந்த விடுதிக்குக் கல் சுமந்தவன், அந்த உணவுக்கூடத்தில் பாத்திரம் தேய்ப்பவள், கோயில் வாசலில் பூ விற்பவள் எங்கே குடியிருப்பது? சமதரை கட்டுப்படியாகாது. பத்து மைல் தள்ளிப் போனால் விடியற்காலை வேலைக்கு வரமுடியாது. ஆகவே மலைச்சரிவு. அதற்குச் சர்க்கார் வைத்திருக்கும் பெயர் ஆக்கிரமிப்பு. ஏழை மலையேறினால் ஆக்கிரமிப்பு, பணக்காரன் ஏரியில் இறங்கினால் அபிவிருத்தி! இந்த மூன்று காரணங்களையும் ஒரே கயிற்றில் கோத்துக் காட்டும் படம்தான் நமக்கு வேண்டும். மழையை மட்டும் காட்டினால் வானத்தின்மேல் பழி போய்விடும், ஆண்டவர்கள் தப்பிவிடுவார்கள். வீட்டை மட்டும் காட்டினால் ஏழையின்மேல் பழி விழும். புகை விட்ட சீமான்கள் அப்போதும் தப்பிவிடுவார்கள். 2019ஆம் ஆண்டுக் கணக்கில், உலகின் மிகப் பணக்கார ஒரு சதவிகிதத்தினர் விட்ட கரியமிலப் புகை மொத்தத்தில் 16 சதவிகிதம் என்று ஆக்ஸ்பாம் கணக்கிட்டது. அந்தச் சீமான்களின் புகைக்கும் வ.உ.சி. நகர்ச் சந்துக்கும் நடுவே உள்ள வழியைக் கண்ணால் பார்க்கும்படி காட்ட முடியுமானால் அது படம்.

முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழரிடமே முன்மாதிரி இருக்கிறது. காந்தியாரைப் பற்றி முழுநீள ஆவணப்படத்தை முதலில் எடுத்தவர் நம் ஏ.கே. செட்டியார். 1940இல் அது தமிழில் வெளிவந்தது. அவர் எடுத்தார் என்கிறோமே, எப்படி எடுத்தார்? காந்தியாரின் தென்னாப்பிரிக்கக் காலத்துக்கும் உப்பு யாத்திரைக் காலத்துக்கும் அவர் கேமராவோடு பின்னோக்கிப் போக முடியுமா? நாடு நாடாகக் கப்பலேறி, அங்கங்கே யார் யாரோ, எதற்காகவோ எடுத்து வைத்திருந்த துண்டுச் சுருள்களைத் தேடிப்பிடித்தார். பலர் எடுத்தவை, பெட்டியில் கிடந்தவை, மறந்துபோனவை; சுமார் 50,000 அடி சேர்த்தார். அதிலிருந்து வெட்டி ஒட்டிப் படமாக்கினார். அவருக்குப் பின்னால் சர்க்கார் இல்லை, பெரிய ஸ்டூடியோ இல்லை.

அந்த 50,000 அடி இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? வ.உ.சி. நகர்க்காரர்களின் சட்டைப் பையில் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் தண்ணீர் ஏறியபோது எத்தனை பேர் கைபேசியில் பிடித்திருப்பார்கள்! மாடியிலிருந்து ஒருவர், எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒருவர், மண் தோண்டியபோது ஒருவர், முகாமில் பொட்டலம் வாங்கும்போது ஒருவர். தென்பெண்ணைக் கரையில் கழுத்தளவு நீரில் மாட்டை ஓட்டி வந்தவரின் மகன் ஒருவன் பிடித்திருப்பான். அவையெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. கைபேசி கீழே விழுந்தால் போயிற்று. மாற்றி வாங்கினால் போயிற்று. இடம் போதவில்லை என்று கலியாண வீடியோவுக்காக அழித்தால் போயிற்று. வெளியூரிலிருந்து எந்த நிபுணர் வந்தாலும் இனி அதை எடுக்க முடியாது. நாமே சேர்க்கவேண்டும்.

இன்னொரு முறையும் சொல்கிறோம்; இது நாம் வாசலில் நின்று குறை சொன்ன ஐஸ் கட்டிக்காரர்களிடமிருந்தே கற்றது. 2012இல் வந்த 'சேசிங் ஐஸ்' என்ற படத்தில் வரும் ஜேம்ஸ் பாலாக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், பனியாறுகளுக்கு எதிரே கேமராக்களைப் பாறையில் ஆணியடித்து நிறுத்தி, ஆண்டுக்கணக்கில் அதே இடத்திலிருந்து படம் பிடிக்க வைத்தார். பேச்சே தேவைப்படவில்லை, பனி பின்வாங்குவது தானே தெரிந்தது. அதை நாமும் செய்யலாம். ரமணர் 1896இல் இங்கே வந்தவர், 1950இல் மறைந்தார். அவரைப் பிடித்த படங்கள் ஏராளம், ஓடும் படச்சுருளும் உண்டு. படம் பிடித்தவர்கள் முனிவரைப் பிடித்தார்கள்; அவர் முதுகுக்குப் பின்னால் மலையும் தானாக விழுந்திருக்கிறது. பக்தர்களுக்கு அது பக்திப் படம். நமக்கு அது மலையின் சாட்சி. எந்த இடத்தில் நின்று பிடித்தார்களோ அதே இடத்தில் நின்று இன்று ஒரு படம், அடுத்த ஐப்பசியில் ஒரு படம் என்று பிடித்து வரிசையாக வைத்தால், மரம் எங்கே வந்தது, வீடு எங்கே ஏறியது, சரிவு எங்கே வாய் திறந்தது என்று படிக்கத் தெரியாதவரும் படிப்பார்.

படம் எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று சலித்துக்கொள்வோருக்கு இரண்டு செய்தி. 2016இல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். வெட்டுண்ட மரங்களின் செய்தி ஏடுகளில் வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது, கோடாரி நின்றது. இரண்டாவது, கன்னியாகுமரிக் கடலோரம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் மீனவர்கள் கடலில் தத்தளித்தபோது மீட்க யார் வந்தார்கள் என்ற கேள்வியை வைத்து, திவ்யபாரதி 2018இல் 'ஒருத்தரும் வரேல' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். கடலோரத்துப் பேச்சுவழக்கிலேயே தலைப்பு. முன்னோட்டம் வெளிவந்த சில நாட்களில் போலீஸார் தம் வீட்டுக்கு வந்ததாக அவர் புகார் சொன்னது அன்றைய ஏடுகளில் வந்தது. பனிக்கரடிக்காகக் கண்ணீர் விடும் படத்துக்கு எந்த ஊரிலாவது போலீஸ் போயிருக்கிறதா? ஒக்கிப் படம் 'யார் பொறுப்பு' என்று கேட்டது. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

வெயிலையும் மறந்துவிடக்கூடாது. மழையும் சரிவும் ஒருநாள் கூத்து. வெயில் பங்குனியிலிருந்து ஆனி வரை. தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. சட்டம் நல்ல சட்டம். ஆனால் சென்ட்ரிங் பலகைமேல் மயங்கி விழுந்தவன் வெயிலால் செத்தான் என்று யார் எழுதித் தருவது? மாரடைப்பு என்று எழுதிவிட்டால் கணக்கு முடிந்தது. பகல் இரண்டு மணிக்கு கான்கிரீட் போடும் இடத்தில் ஒரு கேமரா, கூடவே ஒரு வெப்பமானி. பத்து நிமிடம் போதும்.

இனி, காட்டுவது. மண்டபத்தில் காட்டினால் மண்டபத்துக்கு வருகிறவர்களே பார்ப்பார்கள். வ.உ.சி. நகரில் வெள்ளையடித்த சுவர் இல்லையா? புரொஜக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது; கிரிக்கெட் காட்ட எடுக்கிறார்கள், தலைவர் பிறந்தநாளுக்கு எடுக்கிறார்கள். இருட்டிய பிறகு, பெண்கள் வேலை முடித்து வந்த பிறகு, தெருமுனையில் காட்டவேண்டும். அரைமணிக்கு மேல் படம் வேண்டாம். முடிந்ததும் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் பேசவேண்டும்; பார்த்தவர்கள் பேசவேண்டும், மேடைக்காரர்கள் அல்ல. எந்தப் பாறை இன்னும் தொங்குகிறது, எந்தக் கால்வாய் அடைபட்டிருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கும் வேலைக்கும் தூரமில்லாத மாற்று இடம் எது என்று அங்கே எழும் பேச்சை எழுதி, கையெழுத்து வாங்கி, கலெக்டரிடம் கொடுக்கவேண்டும். அவர் பதிலையும் அடுத்த மாதம் அதே சுவரில் காட்டவேண்டும். 2022 டிசம்பரில் மாநில அரசு பருவநிலை மாற்ற இயக்கம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அதன் அதிகாரிகளையும் அழைப்போம். முன்வரிசையில் நாற்காலி போடுவோம்.

தோழர்கள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. மலையடிவாரத்துக் கிளைகளும் படிப்பகங்களும் இந்த மாதமே வீடு வீடாகப் போய், 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பிடித்த படங்களுக்குப் பிரதி வாங்கி, பிடித்தவர் பெயர், நின்ற இடம், நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். இறந்தவர்களின் உடல் தெரியும் காட்சிகளை உற்றாரின் சம்மதமில்லாமல் வாங்கவும் வேண்டாம், காட்டவும் வேண்டாம். பிரதியை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு இடத்தில் வைக்கட்டும். ஒன்று மலையடிவாரத்துக்கு வெளியே இருக்கட்டும். ஆசிரம வாசலில் நாம் சந்தித்த அந்த ஆட்டோ தோழரிடம் மட்டும் நான்கு நிமிடப் படம் ஒன்று இருக்கிறது. கண்ணாடி உடைந்த கைபேசி அது. தீபாவளிக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்.